கப்பலுக்கு எது: பசுமை மெத்தனாலா, பசுமை அம்மோனியாவா?

காற்றாலை அல்லது சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறோம். அதோடு பிடித்துவைத்த கரியமில வாயுவைச் சேர்த்தால் மெத்தனால். காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா. கப்பல் எண்ணெய்க்கு மாற்றாக இன்று அதிகம் பேசப்படும் இரண்டு இவைதான். இதே ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் கொண்டு செய்யும், காருக்கான செயற்கைப் பெட்ரோலை நான் போட்டியில் சேர்க்கவே இல்லை. சிலியின் புந்தா அரேனாஸில் 2022 முதல் அதைச் சிறிய அளவில் தயாரிக்கிறார்கள். ஆனால் அந்த மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றினால் கார் ஐந்தாறு மடங்கு தூரம் ஓடும். பெருங்கடல் தாண்டும் கப்பலுக்கு அப்படி பேட்டரி வைக்க முடியாது, அதனால்தான் இந்தத் தலைவலி.

மின்சாரக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு டன் தயாரிக்க ஏறத்தாழ 10,000 யூனிட் ஆகும். எரிபொருளில் தங்குவது அதில் பாதி. தொட்டிக்கு, எண்ணெயோடு ஒப்பிட்டால் மெத்தனாலுக்கு இரண்டரை மடங்கு இடம் வேண்டும், அம்மோனியாவுக்கு மூன்று மடங்கு. மெத்தனால் சாதாரண வெப்பத்திலேயே திரவம். அம்மோனியாவை மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும், இல்லையேல் அழுத்தத்தில் அடைக்க வேண்டும். மெத்தனாலில் ஓடும் முதல் சரக்குப்பெட்டகக் கப்பலான 'லாரா மெர்ஸ்க்' 2023-லேயே ஓடத் தொடங்கிவிட்டது.

விஷம் என்று பார்த்தால் இரண்டுமே நமக்குப் பழக்கமானவை. மெத்தனால் என்றதும் 2024 கள்ளக்குறிச்சிச் சாவுகள் நினைவுக்கு வரும். 2023 டிசம்பரில் எண்ணூரில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் ஊரே வெளியே ஓடியது. வித்தியாசம் இதுதான்: மெத்தனால் பெரும்பாலும் குடித்தவரைக் கொல்லும், அம்மோனியாவுக்கு மூச்சு விட்டாலே போதும். எஞ்சின் அறைக்குள் மாதக்கணக்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தவிர, அம்மோனியா சரியாக எரியாவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு வரும். புவி வெப்பமாவதில் அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு மோசம்.

இவ்வளவும் மெத்தனாலுக்குச் சாதகம். அது இடறும் இடம் கார்பன். ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 1.4 டன் கரியமில வாயு தேவை, எரிந்ததும் அத்தனையும் திரும்பக் காற்றுக்கே போகும். ஆகவே அது எங்கிருந்து வந்தது என்பதே முழுக் கேள்வியும். டென்மார்க்கின் காஸோவில் 2025-ல் திறந்த ஆலை, ஆண்டுக்கு 42,000 டன் கொள்ளளவு கொண்டது, பயோகேஸ் ஆலையின் கார்பனை எடுக்கிறது. செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன் என்பதால் கணக்கு நேராகிறது. நிலக்கரிப் புகையிலிருந்து எடுத்தால், மண்ணுக்கடியில் இருந்ததைச் சற்றுத் தாமதமாக வெளியே விடுகிறோம், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றிய விதிகளும் அனல்மின் நிலையக் கார்பனுக்கு 2035 வரைதான் இடம் தருகின்றன. அம்மோனியாவுக்கு இந்தக் கவலையே இல்லை. நைட்ரஜன் எங்கும் கிடைக்கும்.

தூத்துக்குடியில் இந்தப் போட்டி வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் சிறிய பசுமை ஹைட்ரஜன் நிலையம் தொடங்கியது. கப்பல்களுக்கு மெத்தனால் நிரப்ப 750 கன மீட்டர் சேமிப்பு வசதிக்கும் அடிக்கல் நாட்டினார்கள். இன்னொரு பக்கம், இங்குள்ள உர ஆலை பல பத்தாண்டுகளாக அம்மோனியாவோடு புழங்குகிறது. கார்பன் பிடிப்பதும் ஊருக்குப் புதிதல்ல: தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் 2016-லேயே தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சலவைச் சோடா செய்யத் தொடங்கிவிட்டது.

என் ஓட்டு இப்போதைக்கு மெத்தனாலுக்கு. அம்மோனியா முதலில் அதையே சரக்காக ஏற்றிச்செல்லும் கப்பல்களில் பழகட்டும். அந்த மாலுமிகளுக்கு அதைக் கையாளத் தெரியும். ஆனால் அருகில் இருக்கிறதே என்று அனல்மின் நிலையக் கார்பனில் மெத்தனால் ஆலை போட்டால், பத்தாண்டில் அதை ஐரோப்பாவில் பசுமை என்று விற்க முடியாது. சர்க்கரை ஆலைகளை ஒட்டிய சாராய வடிப்பாலைகளில் கழிவுப்பாகு நொதிக்கும்போதே அநேகமாகத் தூய கரியமில வாயு வெளியேறுகிறது. அவை துறைமுகத்தை ஒட்டி இல்லை என்பது உண்மை. ஆனால் மெத்தனால் ஆலையை அவற்றின் பக்கத்தில் போட்டால், கம்பியில் மின்சாரம் அங்கே போகும், மெத்தனால் டேங்கர் லாரியில் இங்கே வரும்.