தொகுதி நிதி: டெல்லி செல்லும் என்றது, மணிலா செல்லாது என்றது

சட்டம் இயற்றவும் அரசைக் கேள்வி கேட்கவும் நாம் அனுப்பிய உறுப்பினருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, "உங்கள் தொகுதியில் எதைக் கட்டலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று அரசு விடலாமா? இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே 6 அன்று விடலாம் என்றது. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பர் 19 அன்று கூடாது என்றது. கென்யாவின் உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 8 அன்று, பொதுத்தேர்தலுக்கு முதல் நாள், அந்த நாட்டின் தொகுதி நிதிச் சட்டம் செல்லாது என்றது. எம்.பி. நிதி பற்றிய பேச்சு நம் ஊரில் "அடித்தார்களா, இல்லையா" என்பதிலேயே நின்றுவிடுகிறது. ஒரு ரூபாய் கூடத் திருடப்படாவிட்டாலும் இந்தக் கேள்வி மிச்சமிருக்கிறது என்பதால்தான் இந்தத் தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நம் கதை. 1993 டிசம்பர் 23 அன்று பிரதமர் நரசிம்ம ராவ் திட்டத்தை அறிவித்தார். முதல் ஆண்டு ஆளுக்கு 5 லட்சம், அடுத்த ஆண்டே 1 கோடி, 1998-99 முதல் 2 கோடி, 2011-12 முதல் 5 கோடி. இதற்கென்று தனிச்சட்டம் கிடையாது. பட்ஜெட்டில் ஒதுக்கீடு, அமைச்சகம் எழுதிய வழிகாட்டு விதிகள், அவ்வளவுதான். இதை எதிர்த்து பீம் சிங் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பை எழுதியவர் பி. சதாசிவம். தீர்ப்பு இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, அரசியலமைப்பின் 282-வது பிரிவு: பொதுநோக்கம் எதற்கும் மத்திய அரசு மானியம் தரலாம், அதற்கு நிதி ஒதுக்கீட்டுச் சட்டமே போதும். இரண்டு, எம்.பி. பரிந்துரைக்க மட்டுமே செய்கிறார். ஒப்புதல் தருவதும் வேலையை நடத்துவதும் மாவட்ட நிர்வாகம். அதனால் அதிகாரப் பிரிவினை மீறப்படவில்லை. முறைகேடு நடந்தால் அதைப் பிடிக்க வழி இருக்கிறது, அதற்காகத் திட்டத்தையே சாய்க்க முடியாது என்றது நீதிமன்றம்.

பிலிப்பைன்ஸில் இதன் பெயர் முன்னுரிமை மேம்பாட்டு உதவி நிதி. கீழவை உறுப்பினருக்கு ஆண்டுக்கு 7 கோடி பெசோ, செனட்டருக்கு 20 கோடி பெசோ. இதன் முன்னோடித் திட்டத்தை 1994-லும், இதையே 2012-லும் அதே உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லியிருந்தது. 2013 ஜூலையில் நாளிதழ் ஒன்று விஷயத்தை உடைத்தது. போலித் தொண்டு நிறுவனங்கள் வழியாக ஏறத்தாழ 1,000 கோடி பெசோ பத்தாண்டுகளில் சுருட்டப்பட்டதாகக் குற்றச்சாட்டு. நடுவில் இருந்தவராகச் சொல்லப்பட்ட ஜேனட் லிம் நாப்போலெஸ் பின்னாளில் தண்டனை பெற்றார். ஆகஸ்ட் 26 அன்று மணிலாவின் லுனெட்டா பூங்காவில் மக்கள் திரண்டார்கள். நவம்பரில் தீர்ப்பு வந்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பு ஊழலை மட்டும் வைத்து எழுதப்படவில்லை. பட்ஜெட் நிறைவேறிய பிறகு, அந்தப் பணம் எந்த வேலைக்குப் போகவேண்டும் என்று உறுப்பினர் சுட்டிக்காட்டுகிறாரே, அந்த இடத்தில்தான் நீதிபதிகள் விரலை வைத்தார்கள். பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போட்டதோடு உறுப்பினரின் வேலை முடிகிறது, அதற்குப் பிறகு செலவு செய்வது நிர்வாகத்தின் வேலை. அடுத்த வாதம் இன்னும் கூர்மையானது. அந்நாட்டு அதிபருக்கு பட்ஜெட்டில் ஒரு செலவு இனத்தை மட்டும் தனியாக ரத்து செய்யும் அதிகாரம் உண்டு. 2013 பட்ஜெட்டில் இந்த நிதி 2,479 கோடி பெசோ என்று ஒரே வரியில் நின்றது. அதற்குள் எந்தப் பாலம், எந்தப் பள்ளி என்று எதுவும் எழுதப்படவில்லை. ஒரு வேலை வீண் என்று அதிபர் நினைத்தாலும் அதை மட்டும் நீக்க வழியில்லை. மொத்தமாக ஏற்க வேண்டும், இல்லை மொத்தமாகத் தள்ள வேண்டும். மூன்றாவதாக, தானே கைவைத்த செலவை உறுப்பினர் எப்படி நடுநிலையாகக் கண்காணிப்பார் என்று நீதிமன்றம் கேட்டது.

இந்த வாதங்களை அப்படியே டெல்லிக்குத் தூக்கி வர முடியாது. அங்கே அதிபர் ஆட்சி, சட்டமன்றமும் நிர்வாகமும் தனித்தனி. இங்கே அமைச்சர்களே எம்.பி.க்கள்தான். குடியரசுத் தலைவருக்கு ஒரு இனத்தை மட்டும் நீக்கும் அதிகாரமும் கிடையாது. ஆகவே சட்ட நுணுக்கத்தில் நம் தீர்ப்பு தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் "பரிந்துரை மட்டும்தானே" என்ற அந்த ஒற்றைக் காலில் எனக்கு நம்பிக்கை இல்லை. பரிந்துரையைச் சரிபார்க்க வேண்டியவர் கலெக்டர். அதே மாவட்டத்தில் மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் திஷா குழுவுக்குத் தலைவர் எம்.பி., உறுப்பினர் செயலர் கலெக்டர். அந்தக் கூட்டத்தில் எம்.பி.க்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி, அவருடைய பரிந்துரையை விதி மீறல் என்று திருப்பி அனுப்புவது காகிதத்தில் எளிது, நடைமுறையில் கடினம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காரணம் காட்டி இரண்டு ஆண்டு நிதியை மத்திய அமைச்சரவை நிறுத்தியது, ஏறத்தாழ 7,900 கோடி ரூபாய். 2021 நவம்பரில் அதே அமைச்சரவை மீண்டும் திறந்துவிட்டது. பேரிடர் காலத்தில் பணம் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் அரசைக் கேள்வி கேட்க வேண்டியவர்களின் நிதி அரசின் கையசைப்பில் வருகிறது, போகிறது. கேள்வி கேட்கும் வாய்க்கு இது நல்லதல்ல.

சரி, நியாயத்துக்கு வருவோம். இந்தியாவில் எல்லா எம்.பி.க்கும் ஒரே தொகை. 2019 தேர்தலில் லட்சத்தீவில் வாக்காளர்கள் சுமார் 55,000. தெலங்கானாவின் மல்காஜ்கிரியில் 31 லட்சத்துக்கு மேல். 5 கோடியை வகுத்தால் அங்கே வாக்காளருக்கு 900 ரூபாய் சொச்சம், இங்கே 16 ரூபாய். தீவுக்குக் கூடுதல் செலவு ஆகும் என்பது சரியே. ஆனால் இந்த விகிதத்தை யாரும் யோசித்துத் தீர்மானிக்கவில்லை, தானாக அமைந்துவிட்டது. தொகுதிக்குள் பட்டியல் சாதியினர் பகுதிகளுக்கு 15 சதவீதம், பழங்குடியினர் பகுதிகளுக்கு 7.5 சதவீதம் என்ற விதி மட்டும் தேவையைக் கணக்கில் எடுக்கிறது. கென்யாவின் 2003 சட்டம் இந்த இடத்தில் நம்மைவிட மேலாக இருந்தது: அரசின் வருவாயில் குறைந்தது 2.5 சதவீதம் நிதிக்கு, அதில் நான்கில் மூன்று பங்கு தொகுதிகளுக்குச் சமமாக, மீதி வறுமை அளவைப் பார்த்து. பிலிப்பைன்ஸில் நாடு முழுக்கத் தேர்வாகும் செனட்டருக்குக் கீழவை உறுப்பினரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அது பதவிக்கு ஏற்ற பங்கு என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக் கணக்கு வேறு மாதிரி. ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். எம்.எல்.ஏ. நிதி ஆளுக்கு 3 கோடி என்றால் மொத்தம் 18 கோடி, அதே மக்களுக்கு எம்.பி. நிதி 5 கோடி. இரண்டிலிருந்தும் வருவது பெரும்பாலும் ஒரே சாமான்கள்: பயணியர் நிழற்குடை, உயர்கோபுர மின்விளக்கு, ரேஷன் கடைக் கட்டடம், பள்ளிச் சுற்றுச்சுவர், பேவர் பிளாக் சாலை. இவை அத்தனையும் ஊராட்சியோ நகராட்சியோ செய்ய வேண்டியவை. நிழற்குடை நெற்றியில் எம்.பி.யின் பெயர் பெரிதாகவும், ஊர்ப் பெயர் அதன் கீழே சின்னதாகவும் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். வேலை நடந்த இடத்தில் எம்.பி. பெயரோடு பலகை வைக்க வேண்டும் என்பது வழிகாட்டு விதியிலேயே இருக்கிறது. ஐந்து ஆண்டில் 25 கோடிக்கு இப்படிப் பெயர் எழுதிவிட்டு அவர் மறுபடி ஓட்டுக் கேட்கிறார். எதிரே நிற்பவருக்கு ஒரு பலகையும் இல்லை. இந்த வாதமும் உச்ச நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. நன்றாக வேலை செய்தவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. எனக்கு இது போதவில்லை. வரிப்பணத்தில் நடந்த வேலை ஒரு வேட்பாளரின் சாதனைப் பட்டியலில் சேருவது சமமான போட்டி ஆகாது.

கென்ய நீதிமன்றம் தொட்டது இதற்கு நெருக்கமான நரம்பை. 2010 அரசியலமைப்பு மாவட்டங்களுக்கு அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்த பிறகு, எம்.பி. தன் நிதியோடு அந்த வேலைகளுக்குள் நுழைவது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. அங்கே உறுப்பினர்கள் விடவில்லை. அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 2015-ல் புதுப்பெயரில் வேறு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அதையும் 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லி, 2026 ஜூன் 30 வரை கெடு வைத்தது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் பெருமளவு இந்த நிதியிலிருந்து போவதால், நிறுத்து என்று சொல்வது அங்கே லேசான காரியமல்ல.

அப்படியானால் மணிலா வழியே சரியா? அங்கேயும் பணம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. பட்ஜெட் இறுதியாகும்போது திட்டங்களைச் செருகும் வழக்கம் வளர்ந்தது. 2025-ல் வெள்ளத் தடுப்புப் பணிகளில் கட்டாமலே கட்டியதாகக் கணக்குக் காட்டியவை வெளியே வந்து, செப்டம்பர் 21 அன்று மணிலாவில் மறுபடி பெருங்கூட்டம் திரண்டது. இங்கே பீகாரில் நிதீஷ் குமார் 2010-ல் எம்.எல்.ஏ. நிதியை நிறுத்தினார். அப்புறம் முதலமைச்சர் பெயரில் இன்னொரு திட்டமாக அது திரும்பி வந்தது.

அதனால் மறைவாகச் செருகப்படும் பணத்தைவிட, யார் எந்த வேலைக்குச் சொன்னார் என்று பெயரோடு பதிவாகும் நம் முறை மேல் என்றே சொல்வேன். 2023-க்குப் பின் எம்.பி. நிதிக்கென்று வந்த இ-சாக்ஷி இணையதளத்தில் பரிந்துரைகள் பதிவாகின்றன. நான் மாற்றச் சொல்வது வேலையைத் தேர்ந்தெடுக்கும் கையை. அரசியலமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலையா ஆணையம் 2002-லும், வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007-லும் இந்த நிதியை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். அது நடக்காது என்றால், குறைந்தபட்சம் கிராம சபைத் தீர்மானத்திலோ நகரத்தின் வார்டு கூட்டத்திலோ வந்த வேலையை மட்டுமே எம்.பி. பரிந்துரைக்க முடியும் என்று விதியை மாற்றலாம். அமைச்சகத்தின் வழிகாட்டு விதி என்பதால் இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. பலகையில் எம்.பி. பெயருக்குப் பதில் தீர்மானம் போட்ட கிராம சபையின் தேதி இருக்கட்டும்.