மறதிக்கு எந்த ஸ்கேன்: சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா, பெட்டா?

டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்ற சந்தேகம் வந்து நியூரோ டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்ததும் வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பமாகிவிடும். சி.டி. போதாதா என்பார் ஒருவர், எடுக்கிறதுதான் எடுக்கிறோம் பெட் ஸ்கேனே எடுத்துவிடலாமே என்பார் வெளிநாட்டிலிருந்து போனில் இன்னொருவர். அப்பாவுக்கு நாங்கள் எம்.ஆர்.ஐ. எடுத்தோம், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எந்த ஸ்கேனும் தனியாக நின்று இது அல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை) என்று தீர்ப்புச் சொல்லாது. நினைவாற்றல் சோதனை, வீட்டில் இருப்பவர்கள் சொல்கிற விவரம், பி12 வைட்டமின், தைராய்டு ரத்தப் பரிசோதனை, இதெல்லாம் பார்த்த பிறகுதான் படம். சரி, விலை எல்லோருக்கும் தெரிந்ததே: சி.டி. மலிவு, எம்.ஆர்.ஐ. நடுவில், பெட் உச்சத்தில். அதனால் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் மூன்றையும் பார்த்தேன். ரிப்போர்ட் கைக்கு வந்த மறுநாள் வைத்தியத்தில் என்ன மாறும்?

சி.டி. இந்தக் கேள்விக்குக் கொடுக்கும் பதில் சின்னதுதான், ஆனால் அலட்சியப்படுத்த முடியாதது. வயதானவர் லேசாக விழுந்து தலையில் அடிபட்டு, சில வாரம் கழித்து மூளை உறைக்கு அடியில் ரத்தம் தேங்கிக் குழப்பம் வரும். மூளையில் நீர் கோத்துக்கொண்டு நடை தடுமாறி, சிறுநீர் அடக்க முடியாமல், கூடவே மறதியும் வரும். கட்டியும் இருக்கலாம். இவை மூன்றுக்குமே அறுவை சிகிச்சை செய்ய வழி உண்டு, மூன்றையும் சி.டி. பெரும்பாலும் காட்டிவிடும், அதுவும் சில நிமிடத்தில். பழைய மாடல் பேஸ்மேக்கர் இருப்பவர், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்கவே முடியாதவர் என்றால் யோசிக்காமல் சி.டி.க்குப் போங்கள். மயக்க ஊசி போட்டாவது எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், ஏற்கெனவே குழம்பியிருக்கும் முதியவருக்கு அந்த மருந்தே குழப்பத்தைக் கூட்டிவிடலாம்.

அப்பாவால் படுக்க முடிந்தது. காதில் பஞ்சு வைத்தும் அந்தச் சத்தத்துக்கு முகம் சுளித்தார், அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ. காட்டியது இரண்டு விஷயம். ஒன்று, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருந்தது. இதை ஷெல்டென்ஸ் என்பவர் 1992இல் கொண்டுவந்த 0 முதல் 4 வரையிலான அளவுகோலில் (எண் கூடினால் சுருக்கமும் கூடுதல்) மதிப்பிடுகிறார்கள். 75 வயதுக்குக் கீழே 2 வந்தாலே பொதுவாகச் சந்தேகம்தான். இது மட்டும் என்றால் இன்றைய நல்ல சி.டி.யிலும் ஓரளவு பார்த்துவிடலாம், அதனால் எனக்கு இது பெரிதில்லை. இரண்டாவதுதான் முடிவு செய்தது. மூளையின் வெள்ளைப் பகுதி முழுக்கத் திட்டுத் திட்டாக, நுண் ரத்தக் குழாய்கள் கெட்டுப்போனதன் தடயம். சி.டி.யில் இது மங்கலாகத்தான் தெரியும், துளித் துளியான பழைய ரத்தக் கசிவு தெரியவே தெரியாது. அன்றுவரை அப்பாவின் மறதி ஒரு டாக்டரிடமும், பிரஷரும் சர்க்கரையும் இன்னொரு டாக்டரிடமும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. படம் வந்ததும் இரண்டும் ஒரே கதை என்று ஆகி, பிரஷர் மாத்திரை மாறியது, வீட்டில் தினமும் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுகிற பழக்கம் வந்தது. சுருங்கிய மூளையை யாராலும் நிமிர்த்த முடியாது, ஆனால் ரத்தக் குழாய் பக்கம் நாம் செய்ய ஏதோ இருக்கிறது. நம் ஊரில் பிரஷரும் சர்க்கரையும் இல்லாத வீடு எது?

ஒரு எச்சரிக்கை. சீட்டில் வெறுமனே ‘பிரெயின் எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் இருந்தால் ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’ என்று ஒற்றை வரியில் ரிப்போர்ட் வந்துவிடக்கூடும். டிமென்ஷியாவுக்காகப் பார்க்கிறோம் என்று டாக்டரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

பெட் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, டாக்டரிடம் கேட்டதும் படித்ததும்தான். அதில் இரண்டு வகை. குளுக்கோஸ் பெட், மூளையின் எந்தப் பகுதி சோர்ந்து கிடக்கிறது என்று காட்டும். சர்க்கரை அளவு எகிறியிருந்தால் படமே கெட்டுவிடும். அமிலாய்டு பெட், அமிலாய்டு என்ற அல்சைமர் புரதம் மூளையில் படிந்திருக்கிறதா என்று காட்டும். சிக்கல் என்னவென்றால் நினைவு நன்றாக இருப்பவர்களிலேயே 50 வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கும் 90 வயதில் சுமார் 44 சதவீதம் பேருக்கும் அந்தப் படிவு இருக்கிறது. அதனால் வயது ஏற ஏற, படிவு இருக்கிறது என்ற பதிலுக்கு எடை குறைந்துகொண்டே போகும். அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் போன்ற, அமிலாய்டைக் குறைக்கும் மருந்தைத் தொடங்குவதென்றால் அமிலாய்டு இருப்பது உறுதியாக வேண்டும், அங்கே இந்தப் படத்துக்கு நேரடிப் பயன் உண்டு. அந்த மருந்துக்குப் போகாத எங்களுக்கு அது செலவு மட்டும்தான். 65க்குக் கீழே மறதி வந்தவர், மறதியைவிடப் பேச்சோ குணமோ முதலில் மாறியவர் என்றால் கணக்கு வேறு, அங்கே குளுக்கோஸ் பெட் கேட்டுப் பார்ப்பது நியாயம்.

அப்புறம், எதை எடுத்தாலும் ஃபிலிமோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து மறுபடி எடுக்கும்போது பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று டாக்டரால் சொல்ல முடியும்.