சங்கீதம் மட்டும் பாடும் சபைக்குக் கையடக்கப் பதிப்பு போதுமா?

ஆராதனையில் வேதாகமத்தின் சங்கீதம் மட்டும் போதும், மனிதர் இயற்றிய ஞானப்பாட்டு வேண்டாம் என்று நினைக்கும் சபைக்கு எளிதாகக் கிடைப்பது, புதிய ஏற்பாடும் சங்கீதமும் சேர்ந்த கையடக்கப் பதிப்புதான். வாசிக்க அருமை. பாட்டுப் புத்தகமாகப் பார்த்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

காரணம், உள்ளே இருப்பது உரைநடை. 1650-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் பெரும்பாலான சங்கீதங்களை நாலு வரிக்கு 8, 6, 8, 6 என்று அசை எண்ணிச் செய்யுளாக்கினார்கள். ஒரு மெட்டு தெரிந்தால் பல சங்கீதம் பாடலாம். நம் வசனங்களோ ஒன்று குட்டை, அடுத்தது நெட்டை. பாமாலை (சபைப் பாட்டுப் புத்தகம்) மெட்டில் திணித்தால் குறில் நீண்டு 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும்.

விருத்தம்போலத் தாளமின்றிப் பாடுவதே வழி. 136-ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம்: 26 வசனங்களிலும் முன்பாதியை நடத்துகிறவர் ஒரே சுரத்தில் சொல்ல, "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சபை முடிக்கும். 46-ல் 7, 11 வசனங்கள் தயாரான பல்லவி. 42-ல் 5, 11; அதுவே 43-ன் 5-லும் வருவதால் இரண்டையும் சேர்த்தே பாடலாம். 119-ஐ எட்டெட்டு வசனமாக 22 வாரத்துக்குப் பிரிக்கவேண்டும். 176 வசனத்தையும் ஒரே மூச்சில் எடுத்தால் சபை உட்கார்ந்துவிடும்.

சுருதி 1 அல்லது 2 கட்டை, மேல் ஷட்ஜத்தை (மேல் 'ஸ') தாண்டாத மெட்டு. வாத்தியம் கூடாது என்று சுருதிப்பெட்டியையும் ஒதுக்கினால் சில வசனங்களிலேயே குரல் இறங்கத் தொடங்கும்.

காவிரிப் படுகையில் இன்னொரு சிக்கல். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்தது லுத்தரன் மிஷன். அதன் மூலவரான மார்ட்டின் லுத்தரோ 46-ஆம் சங்கீதத்தைத் தழுவியே பாட்டுக் கட்டியவர். தஞ்சையில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளாகப் பாடிக் குவித்தார். ராகம், தாளம், பல்லவி எல்லாம் அச்சில் பார்த்துப் பழகிய சபையிடம் வெறும் வசனத்தைக் கொடுத்தால் திணறத்தான் செய்யும்.

கொலோசெயர் 3:16-ல் வரும் சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு மூன்றும் சங்கீதப் புத்தகத்தையே குறிக்கும் என்பது சங்கீதம்-மட்டும் தரப்பின் வாதம். நமக்கு அது ஒட்டவில்லை. பெரிய வெள்ளிக்கு 22-ஆம் சங்கீதத்தை மிஞ்ச ஆளில்லை, சரி. ஈஸ்டர் காலையில் இயேசுவின் பெயரைச் சொல்லிப் பாட ஒரு வரிகூடச் சங்கீதங்களில் இல்லையே! கீர்த்தனைப் புத்தகத்தை ஒதுக்கி வைக்காமல், வாரம் ஒரு சங்கீதத்துக்கு இந்தக் கையடக்கப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதானால் பெரிய எழுத்துப் பதிப்பு. மாலை ஆராதனையில் பொடி எழுத்து வயதானவர்களுக்குத் தெரியாது. பல்லவி வசனங்களைப் பென்சிலில் கோடிடுங்கள், மெல்லிய தாளில் பேனா மை மறுபக்கம் ஊறும்.