இசைப் பட்டமா, வேறு பட்டமும் பக்கத்தில் இசையுமா?

"வேலை கிடைக்குமா?" என்று இசை படிக்கப் போகிறவரைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த இரண்டு வழிகளிலும் பணத்தைவிட அதிகம் மாறுவது நேரம்.

இசைக் கல்லூரியில் சாதகமே, அதாவது தினசரிப் பயிற்சியே, பாடம். மனசு தெளிவாக இருக்கும் காலை வேளையிலேயே வாத்தியத்தை எடுக்கலாம். கை வைக்கும் விதம் தப்பாக இருந்தால் ஆசிரியர் அன்றே திருத்துவார். நாலு வருஷம் ஊறிப்போன தப்பைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. கூட வாசிக்க ஆளும் கிடைக்கும். பின்னாளில் கச்சேரி, ஒலிப்பதிவு அழைப்புகள் பெரும்பாலும் அந்தச் சிநேகம் வழியாகத்தான் வரும். வருமானம்? பாடம் நடத்துவது, பக்கவாத்தியம், ஒலிப்பதிவு என்று துண்டு துண்டாகச் சேரும். மாதச் சம்பளத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

வேறு பட்டம் எடுத்தால் வாடகைக் கவலை குறையும். சாதகம் ராத்திரி பத்து மணிக்குத் தள்ளிப்போகும். ரஷ்ய இசையமைப்பாளர் போரோதின், தொழிலில் வேதியியல் பேராசிரியர். 1869-இல் தொடங்கிய இசைநாடகத்தை 1887-இல் சாகும்வரை அவர் முடிக்கவில்லை. ரிம்ஸ்கி-கோர்சகோவ், கிளாசுனோவ் என்ற வேறு இரண்டு இசையமைப்பாளர்கள்தான் முடித்துவைத்தார்கள். அமெரிக்காவின் சார்ல்ஸ் ஐவ்ஸ் காப்பீட்டுத் தொழில் நடத்திக்கொண்டே இசை எழுதினார். ஒன்றைக் கவனியுங்கள், இருவரும் பெயர் வாங்கியது இசையமைப்பில். தாள் காத்திருக்கும். வயலின் வில் பிடிக்கும் கை காத்திருக்காது.

அதனால் வயலின், பியானோ, வாய்ப்பாட்டு என்றால் என் ஓட்டு இசைப் பட்டத்துக்கே, கற்பித்தல் பயிற்சியும் கூடவே இருந்தால். இசையமைப்பில்தான் ஆசை என்றால் வேறு பட்டத்தோடும் சமாளிக்கலாம்.