1984 என்ஃபீல்டு புல்லட்: வீட்டிலேயே புதுப்பித்து ஐந்து ஆண்டுகள், 21,000 கிலோமீட்டர்

பழைய வண்டியைப் புதுப்பித்த மறுவாரமே எழுதப்படும் அனுபவங்களை நிறையப் படித்துவிட்டேன். முலாம் பூசிய முதல் மாதத்தில் எந்த வண்டிதான் மின்னாது? ஐந்து மழைக்காலமும் ஐந்து கத்திரி வெயிலும் கண்ட பிறகு எது நின்றது, எது போனது என்று சொல்பவர்கள் குறைவு. அதற்காகவே இத்தனை நாள் காத்திருந்தேன். 2021 ஜனவரியில் சாலையில் இறங்கிய வண்டி இப்போது 21,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது.

பெரியப்பா 1984-இல் வாங்கிய புல்லட் 350 இது. 346 சிசி, ஒற்றை சிலிண்டர், 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு காட்பாடி வீட்டின் பின்புறக் கொட்டகையில் பதினோரு ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றது. காற்று இறங்கி இறங்கி டயர்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. தரையில் அழுந்திய இடத்தில் இரண்டு ரிம்களையும் துரு உள்ளிருந்தே தின்றிருந்தது. "எடுத்துக்கொள்ளடா, ஆனால் விற்காதே" என்று சொல்லிச் சாவியைக் கையில் வைத்தார்.

பிரித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்தேன். கழற்றியதைப் பழைய மாத்திரை டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினேன். மில்லிமீட்டர் ஸ்பேனர் பல இடங்களில் பொருந்தாது. அங்குல அளவு ஸ்பேனர் செட் ஒன்று கட்டாயம் வேண்டும். டைமிங் மூடிக்குள் எண்ணெய்ப் பம்பை ஓட்டும் வார்ம் நட்டுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் பலத்தைக் காட்டினால் கிராங்க் தண்டின் மரையே போய்விடும். சிலிண்டர் போரிங்கையும் கிராங்க் வேலையையும் லேத் பட்டறையில் கொடுத்துவிட்டேன். அவற்றுக்கான கருவிகள் வீட்டில் இருக்க வாய்ப்பில்லை. உதிரி பாகங்களில் பெரும்பாலானவை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைத்தன. பழைய அசல் பாகங்கள் சிலவற்றுக்குப் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது சக்கரங்களைப் பற்றி. இந்த ஐந்து ஆண்டுகளில் என்னை நடுவழியில் நிறுத்தியதும் சக்கரம்தான், அதிக நிம்மதி தந்ததும் சக்கரம்தான்.

புல்லட்டின் இரு சக்கரங்களும் 19 அங்குலம், ஒவ்வொன்றிலும் 40 ஸ்போக் கம்பிகள். பழைய ரிம்மைக் கழிக்கும்போது அவசரத்தில் கம்பிகளை வெட்டி எறிந்துவிடத் தோன்றும். அதற்கு முன், ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) விளிம்பில் நேரான இரும்புப் பட்டையை வைத்து, அங்கிருந்து ரிம்மின் ஓரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தில் அளந்தேன், பின் சக்கரத்தில் அளக்கவில்லை. அந்த ஒரு தவறுக்காகப் பின் சக்கரத்தை இரண்டு முறை பூட்ட வேண்டியதாயிற்று.

கம்பி பூட்டக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர். ரிம்மையும் ஹப்பையும் கொண்டுபோய், "ஐயா, இதைப் பூட்டித் தர முடியுமா?" என்று கேட்டேன். "நான் பூட்டினால் நாளைக்கு ஒரு கம்பி உடைந்தால் திரும்ப என்னிடம்தான் வருவீர்கள் தம்பி. உட்காருங்கள், காட்டுகிறேன்" என்றார். ஹப்பின் ஒரு பக்கத்தில் இருபது துளைகள். பத்துக் கம்பிகள் உள்ளிருந்து வெளியே, பத்து வெளியிருந்து உள்ளே. முதல் கம்பி சரியான துளையில் விழுந்துவிட்டால் மற்றவை தானாக வழி காட்டும். அது தவறினால் நாற்பதையும் கழற்ற வேண்டும். நான் இரண்டு முறை கழற்றினேன். கம்பி நுனியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள்கள் எல்லாவற்றையும் இரண்டு மூன்று மரை மட்டும் பிடிக்கவிட்டு, பிறகு சுற்று சுற்றாக ஒரே அளவு இறுக்கச் சொன்னார். ஒரே இடத்தில் முழுக்க இறுக்கினால் ரிம் முட்டை வடிவமாகிவிடும்.

கோட்டம் எடுப்பதற்குத் தனி ஸ்டாண்டு வாங்கவில்லை. சக்கரத்தை வண்டியிலேயே மாட்டி, ஃபோர்க் காலில் ஒரு சாக்பீஸைக் கட்டி, ரிம்மை உரசும் அளவுக்கு நெருக்கி வைத்துச் சுற்றினேன். எங்கே வெள்ளைக் கோடு விழுகிறதோ அங்கே ரிம் அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது. எதிர்ப்பக்கத்துக் கம்பியை அரைச் சுற்று இறுக்க வேண்டும், இந்தப் பக்கத்துக் கம்பியை அதே அளவு தளர்த்த வேண்டும். அதற்கு மேல் ஒரே நேரத்தில் போகக்கூடாது. முதல் சக்கரத்துக்கு ஒரு ஞாயிறு முழுவதும் போயிற்று. மாலையில் ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். நன்றாக இறுகிய கம்பி வீணைத் தந்தி போலக் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது 'டொக்' என்று செத்த ஒலி தரும். காது பழகிவிட்டால் கண்ணைவிட அது நம்பகமானது.

கடைசியில் ஒன்றை மறக்கக்கூடாது. நிப்பிளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனிகளை அரத்தால் ராவி மட்டமாக்கி, அதன் மேல் ரிம் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் அந்த நுனியே ட்யூபைக் குத்தும்.

அடுத்தது டயர். இரு பக்கமும் 3.25-19 அளவுதான். எம்ஆர்எஃப் டயர்களையே போட்டேன். அந்த நிறுவனம் 1946-இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது திருவொற்றியூரில். என் புல்லட் பிறந்ததும் அதே திருவொற்றியூரில். இதை யோசித்தபடி டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தது நினைவிருக்கிறது. ஆனால் முதலில் போன கடையில் கொடுத்த டயரை நான் வாங்கவில்லை. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டு ஆண்டைக் குறிக்கும். அந்த டயர் நான்கு ஆண்டுகள் கிடங்கில் கிடந்தது. புதிது என்ற விலையில் பழைய ரப்பரை வாங்காதீர்கள், அந்த எண்ணைப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

டயர் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் வெயிலில் கிடத்துங்கள். வேலூர் வெயிலுக்கு அரை மணியே போதும், ரப்பர் இளகிவிடும். சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவி முதல் விளிம்பைக் கையாலேயே ஏற்றலாம். ட்யூபில் உருவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்று வைத்து, பவுடர் பூசி உள்ளே விட்டு, வால்வைத் துளையில் செருகி நட்டை இரண்டு சுற்று மட்டும் பிடிக்கவிட வேண்டும். இரண்டாவது விளிம்பை வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி, வால்வில் வந்து முடிக்க வேண்டும். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஏறிய விளிம்பு அந்தப் பள்ளத்தில் இறங்கினால்தான் கடைசி ஒரு சாணுக்கு இடம் கிடைக்கும். முழங்காலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டால் லீவர் பெரும்பாலும் வேண்டியதே இல்லை. முதல் முறை எனக்கு அது தெரியவில்லை. பலத்தை எல்லாம் லீவரில் போட்டேன். ட்யூபை லீவருக்கும் ரிம்முக்கும் நடுவே நசுக்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டைகள் போட்டுவிட்டேன். லீவர் அதிகமாக அழுத்தம் கேட்டால், எங்கோ விளிம்பு பள்ளத்தை விட்டு மேலே ஏறிவிட்டது என்று பொருள். நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஏற்றி முடித்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி விடுவிக்க வேண்டும். காற்று நிரப்பி, ரிம்மை ஒட்டிச் செல்லும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பார்த்து, காற்றை முழுவதும் இறக்கி மறுபடி நிரப்ப வேண்டும். உள்ளே மடிந்திருக்கும் ட்யூப் அப்போதுதான் நீவிக்கொள்ளும். சக்கரத்தை அச்சில் தொங்கவிட்டு மெல்லச் சுழற்றினால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கக் கம்பியில் ஈயக் கம்பியைச் சுற்றிச் சுற்றி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் வரை சரி செய்தேன். மணிக்கு 70 கிலோமீட்டரில் கைப்பிடி அமைதியாக இருப்பதற்கு அந்த ஈயத்துண்டும் ஒரு காரணம்.

வண்டி இறங்கிய முதல் வாரமே இடப்பக்கம் இழுத்தது. பழைய டிரம் பிரேக்கோ ஃபோர்க்கோ என்று பல நாள் தேடினேன். கடைசியில் கொத்தனார் செய்வதைச் செய்தேன், நூல் பிடித்தேன். இரு டயரும் ஒரே அகலம் என்பதால், பின் டயரிலிருந்து முன் டயர் வரை இழுத்துக் கட்டிய நூல் ஒவ்வொரு டயரின் முன்னும் பின்னுமாக நான்கு இடங்களிலும் தொட வேண்டும். இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்ததில் பின் சக்கரம் நான்கு மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்தது. அளக்காமல் விட்டேனே, அதே அளவு. முழுச் சக்கரத்தையும் மறுபடி பூட்டிய பிறகு இழுப்பது நின்றது.

9,000 கிலோமீட்டரில் ஏலகிரி மலைப்பாதையில், பதினான்கு கொண்டையூசி வளைவுகளில் ஏழாவதைத் தாண்டும்போது பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம். ஸ்போக் கம்பி ஒன்று முழங்கை வளைவில் முறிந்திருந்தது. ஊர் திரும்பித் தட்டிப் பார்த்தால் பக்கத்துக் கம்பி ஒன்றும் கையோடு வந்தது. இரண்டும் நான் தளர்வாக விட்ட கம்பிகள். அதிகம் இறுகியதுதான் உடையும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் தளர்ந்த கம்பிதான் ஒவ்வொரு சுற்றிலும் ஆடி ஆடிக் களைத்து முறிகிறது. புதிதாகப் பூட்டிய சக்கரத்தை 300 கிலோமீட்டரில் ஒருமுறை, 1,000-இல் ஒருமுறை கட்டாயம் தட்டிப் பாருங்கள். அந்த நாளுக்குப் பின் இன்றுவரை ஒரு கம்பியும் உடையவில்லை.

பின் டயர் 14,000 கிலோமீட்டர் வந்தது. முன் டயரில் பள்ளம் இன்னும் பாதி இருக்கிறது, ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரியத் தொடங்கிவிட்டன. தேயவில்லை என்பதற்காக வெடித்த டயரை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போக மாட்டேன். காற்று முன்னால் 20, பின்னால் 28 பவுண்டு. இருவர் என்றால் பின்னால் 30. பெட்ரோல் பங்க்கில் விட்டால் இரண்டிலும் 35 ஏற்றிவிடுகிறார்கள், அப்போது வண்டி கல் மேல் குதிக்கிறது. என் சொந்த அளவுமானியைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

மற்றவற்றின் நிலையைச் சொல்கிறேன். வண்டியின் சட்டத்துக்கு (ஃபிரேம்) செய்த பவுடர் கோட்டிங் ஐந்து ஆண்டுகளில் ஒரு சில்லும் பெயரவில்லை. செலவழித்ததில் சிறந்த பணம் அதுதான். ஆனால் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் கம்பி உட்காரும் இடத்தில் சுரண்டாமல் மாட்டியதால் இரண்டு மாதம் முகப்பு விளக்கு மினுங்கி மினுங்கி எரிந்தது. குரோம் முலாம் பெரும் ஏமாற்றம். சைலன்சரில் பூசியது இரண்டாவது மழைக்காலத்திலேயே கொப்புளம் விட்டது. அடியில் நிக்கல் பூச்சு சரியாக இல்லாமல் மேலே மட்டும் மினுக்கிக் கொடுத்திருந்தார்கள். குறைந்த விலை கேட்டு அங்கே போனது என் தேர்வு. டேங்கில் கையால் போட்ட தங்கக் கோடு மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

டேங்க்கின் உள் துருவைப் புளிக் கரைசலில் மூன்று நாள் ஊற வைத்து எடுத்தேன். சோடா மாவுத் தண்ணீரில் அலசி, உடனே சூடான காற்றில் உலர்த்தினேன். நான்கு ஆண்டுகள் சுத்தமாக இருந்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் எல்லா இடத்திலும் வந்த பிறகு கதை மாறியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டி ஒரு மாதம் நின்றால் டேங்க்கின் அடியில் பழுப்பு படிகிறது. பெட்ரோல் குழாயின் பழைய கார்க் வாஷர் கெட்டு ஒழுகத் தொடங்கியது. எத்தனால் தாங்கும் ரப்பர் வாஷரும் குழாயும் மாற்றிய பிறகு ஒழுகல் இல்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோலை இறக்கிவிடுகிறேன்.

என்ஜின் குறை வைக்கவில்லை. 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, என்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும் காலையில், டாப்பெட் மூடியைத் திறந்து வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான புஷ்ராடுகளை விரலால் உருட்டிப் பார்க்கிறேன். தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் சரிபார்ப்பு. ஸ்டார்ட் செய்ய இன்றும் பெரியப்பா சொன்ன முறைதான். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரசரை இழுத்துக்கொண்டு கிக்கரை இன்னும் சற்றே இறக்கி, விட்டுவிட்டு முழு மூச்சாக ஒரு மிதி. போன தீபாவளிக்கு வந்த பெரியப்பா, எண்பத்திரண்டு வயதில், முள்ளைப் பார்த்து "இப்போது மிதி" என்று சொன்னார். ஒரே மிதியில் பிடித்தது. அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, "கோட்டைவரை போய்விட்டு வருவோம்" என்றார்.

மொத்தச் செலவு 84,000 ரூபாய். அதில் சக்கரங்களுக்கும் டயர்களுக்கும் 13,000. பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது. பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், காப்பீடு மட்டும் இடையில் விட்டுப்போகக்கூடாது.

புது முன் டயர் நேற்று வந்துவிட்டது. அதன் எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன், இந்த ஆண்டு தயாரிப்பு. ஞாயிறு காலை மொட்டைமாடியில் வெயில் ஏறியதும் மாற்றப் போகிறேன். பேரிங்குகளுக்கு கிரீஸ் வைப்பதும், அச்சு நட்டை இறுக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறுக்குவதும் அதே வேளையில் முடிந்துவிடும். பிரேக் ஷூ டிரம்மின் நடுவில் உட்கார அதுதான் வழி. பின் சக்கரத்தில் பத்து நாளாக மெல்லிய உறுமல் கேட்கிறது. அநேகமாக பேரிங்காக இருக்கும், அடுத்த வாரம் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.