ஸ்டாப் மோஷன் 'கிட்' வாங்கப் போகிறீர்களா? எங்களுக்கு 34,500 ரூபாய் போன கதை

பிள்ளை ஸ்டாப் மோஷன் (பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்து, ஓட்டும்போது அசைவதுபோல் காட்டுவது) பழக ஆசைப்படுகிறதே என்று கோவை காந்திபுரம் பக்கம் கேமரா கடை ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் சோமனூர். மகள் எட்டாம் வகுப்பு. போன கோடை விடுமுறையில் களிமண்ணில் ஒரு காங்கேயம் காளை செய்து, இம்மி இம்மியாக நகர்த்தி, என் போனில் 48 படம் எடுத்து ஓட்டிக் காட்டினாள். விநாடிக்கு 12 படம் என்ற கணக்கில் நாலே விநாடி. காளை தலையைத் திருப்பிப் பார்க்கும், திமில் ஒரு குலுங்கு குலுங்கும். அவளுடைய அம்மாயி "இன்னொருக்கா போடு கண்ணு" என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். அதைப் பார்த்துத்தான், நல்ல கேமராவாகவே வாங்கித் தந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கடைக்காரர் பேச்சு அவ்வளவு பதவிசு. "ஏனுங்க்கா, பாப்பாவுக்குத்தானுங்களா? தனித்தனியா வாங்கி அலையாதீங்க. மொத்தமா கிட்டாவே போட்டுத் தந்தர்றனுங்க. டிஎஸ்எல்ஆரு, சாஃப்ட்வேரு, லைட்டு, ஸ்டேண்டு எல்லாம் வந்துருமுங்க. சாஃப்ட்வேரு லைஃப்டைமுங்க." கேமரா 24,000, சாஃப்ட்வேர் 6,000, ரிங் லைட் 2,800, டிரைபாட் 1,700. என் லேப்டாப்பிலேயே டிராகன்ஃப்ரேமை ஏற்றித் தந்தார். சினிமாக்காரர்களே பயன்படுத்தும் மென்பொருள் அது, அதில் பொய்யில்லை. திறந்ததும் திரையில் என் முகம் தெரிந்தது. சரி, வேலை செய்கிறது என்று நம்பிவிட்டேன். தெரிந்தது லேப்டாப்பின் வெப்கேமில் என்பது வீட்டுக்கு வந்துதான் புரிந்தது.

கேமராவைக் கேபிளில் சொருகினால் டிராகன்ஃப்ரேம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "டிரைவர் அப்டேட் பண்ணோணுங்க்கா, அடுத்த வாரம் பையனை அனுப்பறேன்" என்றார். மூன்று வாரம் இதே பதில். கடைசியில் திருப்பூரில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கியதுமே லென்ஸைக் கழற்றப் பார்த்தார். கழலவில்லை. டிஎஸ்எல்ஆர் என்றால் லென்ஸைக் கழற்றி மாற்ற வருமாம். "அக்கா, இது டிஎஸ்எல்ஆரே இல்லீங். பார்க்க அது மாதிரி இருக்கற ஜூம் கேமராங்." அதன் கேபிள் எடுத்த படத்தைக் கணினிக்கு மாற்ற மட்டும்தான் உதவும். கணினியிலிருந்து கேமராவை இயக்கவும் முடியாது, முன்பார்வையும் வராது. இந்த வேலைக்கு அதுதான் உயிர்: போன படம் மங்கலாகத் தெரிய, அதன் மேல் இப்போதைய நிலை தெரிந்தால்தான் பொம்மையை எவ்வளவு நகர்த்தினோம் என்று பிடிபடும். கேமராவோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. சற்று நேரம் தொடாமல் விட்டால் தானாக அணைந்து லென்ஸ் உள்ளே போய்விடும். மறுபடி போட்டால் பழைய ஜூம் அளவு இருக்காது. 60 படம் எடுத்த காட்சி அப்படியே பாழ். மகள் அன்று சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள்.

இதற்கும் மேல் ஒன்று. 31-ஆம் நாள் மென்பொருள் திறக்கவில்லை, லைசென்ஸ் கேட்டது. டிராகன்ஃப்ரேமை 30 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க அந்த நிறுவனமே தருகிறது. யார் வேண்டுமானாலும் அவர்கள் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அந்த இலவசத்தைத்தான் எனக்கு 6,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். நேரில் போய்க் கேட்டதற்கு, "பாக்ஸ் பிரிச்சாச்சுங்களே, ரிட்டன் எடுக்க முடியாதுங்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அவர் தந்த சீட்டை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருக்கிறது. ஜிஎஸ்டி எண் கிடையாது, கேமராவின் மாடல் பெயர் கிடையாது, 'கிட் 1' என்று பேனாவில் எழுதி மொத்தத் தொகை. ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள், அதில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். பில் போட்டால் விலை ஏறும் என்று சொல்லுகிற கடையாக இருந்தால் படி இறங்கிவிடுங்கள்.

கேமராவே வாங்குவதானால், டிராகன்ஃப்ரேம் தளத்தில் எந்தெந்த கேனான், நிக்கான், சோனி மாடல்கள் ஒத்துவரும் என்ற பட்டியல் இருக்கிறது, வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். கடையில் உங்கள் லேப்டாப்பில் அந்தக் கேமராவை மாட்டச் சொல்லி, மேசையில் ஒரு பேனா மூடியை நகர்த்தி நகர்த்திப் பத்துப் படம் எடுத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். நல்ல டிஎஸ்எல்ஆரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸின் துளை மூடித் திறக்கும்போது மயிரிழை வித்தியாசம் வந்து, ஓட்டிப் பார்க்கையில் வெளிச்சம் மினுங்கும். துளையைக் கையால் திருகி வைக்கிற பழைய லென்ஸில் அந்தத் தொல்லை இல்லை என்று திருப்பூர் தம்பி காட்டினார்.

ஆனால் பழகுகிற பிள்ளைக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம் என்றே சொல்வேன். இப்போது போனில் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ செயலிதான். இலவசமாகவே தொடங்கலாம், சில வசதிகளுக்கு மட்டும் காசு. ஃபோகஸ், வெளிச்ச அளவு, நிற அளவு மூன்றும் தானியங்கியில் இல்லாமல் பூட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். ஜன்னலை அடைத்துவிட்டு விளக்கில் மட்டும் எடுக்கிறோம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் அதன் வெளிச்சம் பொம்மை மேல் விழுகிறது, அதனால் படம் எடுக்கும்போது அவளுக்குக் கருநீலச் சட்டைதான்.

ஸ்டேண்டு விஷயம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. அந்த அதிர்வில் கடைக்காரர் தந்த பிளாஸ்டிக் டிரைபாட் மேல் போன் நடுங்குவது படத்தில் அப்படியே தெரிந்தது. இப்போது வெல்டிங் பட்டறையில் ஆங்கிளில் அடித்த கனமான ஸ்டேண்டு, காலுக்கடியில் மணல் பை. தறி நிற்கிற நேரம் பார்த்துத்தான் எடுக்கிறாள். போனைத் தொடாமல் படம் எடுக்க 150 ரூபாய்க்கு ஒரு புளூடூத் பட்டன். பொம்மைக்குள் எலும்பாக வைக்க முதலில் கட்டுக்கம்பி போட்டோம், வளைத்த இடத்தில் நிற்காமல் நெளிந்து திரும்பியது. மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டு வாங்கிய அலுமினியக் கம்பியை இரண்டு புரியாக முறுக்கிப் போட்டதும் காளை வைத்த இடத்தில் நிற்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 'எஸ்டிமேட்' சீட்டு, ஜிபே ரசீது, கடைக்காரரின் வாட்ஸ்அப் பதில்கள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி 'கிட் 1' சீட்டு உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே போகலாம்.