சிரிப்பைப் பிடிக்க ஒரு ரிமோட்: கம்பியில்லா ஷட்டர் ரிலீஸ்

"சிரிங்க" என்றதும் வாய் மட்டும் விரியும், கண்ணோரம் சுருங்காது. கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து அசைந்தால்தான் நிஜச் சிரிப்பு என்று பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டுஷேன் 1862-லேயே எழுதிவிட்டார். கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அதை வரவழைப்பது கஷ்டம். கேமராவைத் தொடாமலே படமெடுக்கும் ரிமோட்டின் பயன் இங்கேதான்: கேமரா ட்ரைபாடில், நீங்கள் லென்ஸுக்குப் பக்கத்தில், பேச்சு நேருக்கு நேர்.

ரேடியோ வகையையே வாங்குங்கள். இன்ஃப்ராரெட் மலிவுதான், ஆனால் கேமராவில் ரிமோட் சிக்னலை வாங்கும் சென்சாரை நோக்கிக் காட்டாவிட்டால் வேலை செய்யாது. கையை நீட்டியதுமே எதிரில் இருப்பவர் உஷாராகிவிடுவார். கேமராவில் அப்பர்ச்சர் எஃப்/4, ஷட்டர் வேகம் 1/250 விநாடி, தொடர் ஷாட், கண்ணில் ஃபோகஸ். 2 விநாடி டைமரை அணைக்காவிட்டால் சிரிப்பு போன பிறகுதான் படம் விழும். ஜோக்குக்குச் சிரிக்கும்போது வாய் கோணும். அது அடங்கும் நொடிதான் அழகு, பொத்தானை விட்டுவிடாதீர்கள். ஓடித் திரியும் குழந்தைகளுக்கு மட்டும் இது சரிவராது.